விழாத சர்வர்

அத்தியாயம் 9

ஏழாம் கவுன்ட்டரில் மணி அடித்தது. அது ஓய்வதற்குள் எட்டாம் கவுன்ட்டரில் அடித்தது. பிறகு ஒன்பது, பத்து என்று தொற்றிக்கொண்டே போய்ப் பன்னிரண்டில் நின்றது. கம்ப்யூட்டர் உறைந்துவிட்டால் கவுன்ட்டர் பெண்கள் கீழ்த்தளத்தை அழைக்கும் மணி அது.

ஒன்று முதல் ஆறு வரை ஒரு சத்தமும் இல்லை. அங்கே சீட்டு வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது.

ஏழுக்கு முன்னால் நின்றவர்கள் ஒருகணம் திகைத்தார்கள். அடுத்த கணம் கையில் ஃபைலும் இடுப்பில் குழந்தையுமாக இடப்பக்கம் பாய்ந்தார்கள். இந்த மருத்துவமனைக்கு வந்து பழகியவர்களுக்கு மூன்று வாரத்தில் ஒன்று பிடிபட்டுவிட்டது. ஆறு வரைக்கும் நம்பலாம். ஏழுக்கு மேல் நின்றால் அவரவர் தலையெழுத்து.

கீழ்த்தளத்தில் சிட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது. இன்றைக்குப் பார்த்தா இது நடக்க வேண்டும்?

இன்று மாலை நான்கு மணிக்குத் தீர்ப்பு.

மருத்துவமனையின் பதிவு, டாக்டர் நேரம், பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஜாவாவில் எழுதிய ஒரே ஒரு புரோகிராம். அந்தப் புரோகிராமைக் குடித்தனக்காரர் என்று வைத்துக்கொண்டால் அப்ளிகேஷன் சர்வர்தான் வீடு. தண்ணீர், விளக்கு, வாசல், கதவு எல்லாம் வீட்டின் பொறுப்பு. பல வருஷம் ஒரே வீட்டில் இருந்த குடித்தனக்காரரை இப்போது இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் குடிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் கவுன்ட்டர் பழைய சர்வரில், பாதி புதியதில்.

புதியதைக் கொண்டுவந்தவள் சிட்டு. வீட்டில் வைத்த செல்லப் பெயர் அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிய சர்வர் தோற்றால் அவளுடைய சின்னக் குழுவைக் கலைத்துவிட்டு, அவளைத் தூரத்து ஊர்க் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். இரவு முழுக்கப் பயணம் செய்து சேர வேண்டிய ஊர். கணவனின் தொழில் இங்கே, மகளின் பள்ளிக்கூடம் இங்கே. குடும்பம் இரண்டு அடுப்பாகிவிடும்.

இரண்டில் எது நல்லது என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். அவள் சிட்டுவின் நாத்தனார். கணவனின் கூடப்பிறந்த அக்கா. வீட்டில் எல்லோருக்கும் பெரியவள். உலகத்தில் சர்வர் பார்க்க வேறு ஆளே இல்லையா என்று சிட்டு முதல் நாளே முணுமுணுத்தாள். பெரியவளுக்கும் சங்கடம்தான். உறவைச் சொல்லி, வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று நிர்வாகியிடம் கேட்டும் பார்த்தாள். தம்பி மனைவிக்காகப் பொய் சொல்லுகிற ஆளா நீங்கள் என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் வாருங்கள் என்று முடித்துவிட்டார்.

மூன்று வாரமாகத் தம்பி வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். போன ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டில் வெடித்தது. "எங்க வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டுட்டு எங்க தலையிலேயே கல்லைப் போடப் போறீங்களா அண்ணி?" என்றாள் சிட்டு. "சோத்துக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் பெரியவள். அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் தம்பி வழியாகத்தான் போய் வந்தது. உங்க அக்காகிட்ட சொல்லுங்க, உன் பொண்டாட்டிகிட்ட கேளு. தபால்காரனுக்காவது ஞாயிறு லீவு உண்டு என்று அவன் புலம்பினான்.

தம்பியும் ஒருகாலத்தில் இதே கீழ்த்தளத்தில் வேலை பார்த்தவன்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் பழைய சர்வரை ஒருநாள் மத்தியானம் படுக்கவைத்துவிட்டான் என்று அவன் வேலை போயிற்று. அந்தச் சர்வர் தன் ஆயுளில் விழுந்தது அந்த ஒரே ஒரு நாள்தான் என்று மருத்துவமனையில் இன்றும் சொல்வார்கள். அப்படி என்னதான் செய்தான் என்று கட்டிய மனைவிக்கும் தெரியாது. வேலை போன கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடி வந்தான். அவள் ஆசையாக வாங்கிவந்த கேக்கைக்கூடத் தொடாமல் சோபாவில் குப்புறக் கிடந்தான். எழுந்தபோது, இனி கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றான். இன்றைக்கு அவன் கார் ஓட்டக் கற்றுத்தருகிறான். அவன் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்பவருக்கு, ஒன்று அவனுக்கு.

மணிகள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். எந்தக் களேபரத்திலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது 'அமைதி' என்ற சொல்தான். அதனால் அவர் பெயரே அமைதி சார். அதைச் சொல்லும்போது அவர் ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை.

"அமைதி, அமைதி. முதல்ல ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்."

அந்தக் கீழ்த்தளத்தின் எழுதாத சட்டம் அது. எது நின்றாலும் முதலில் ரீஸ்டார்ட், பிறகுதான் மூச்சு. ஒரு நிமிஷத்துக்குள் எழுப்பிவிடுவோம் என்பதில் அவர்களுக்கு அத்தனை பெருமை. சிட்டுவின் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது.

பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ரெண்டே நிமிஷம். இப்படியே விடு."

"அண்ணி, மேல ஜனங்க நிக்கறாங்க."

"தெரியும். ஒவ்வொரு தடவையும் நான் வந்து பார்க்கறதுக்குள்ள தண்ணி ஊத்திக் கழுவி விட்டுடறீங்க. திருடன் கால்தடத்தை நான் எங்க போய்த் தேடறது?"

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொண்டது அப்போதுதான். சிட்டு கையை எடுத்துவிட்டாள். அமைதி சார் மறுபடியும் அமைதி என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

சர்வருக்குள் நூற்றுக்கணக்கில் கைகள் வேலை செய்கின்றன. இந்த நொடியில் ஒவ்வொரு கையும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு படம் எடுக்க முடியும். பெரியவள் ஒன்று எடுத்தாள். சற்று நிறுத்தி இன்னொன்று எடுத்தாள். ஒற்றைப் படத்தில் ஒருவன் கையைத் தூக்கியிருந்தால் அடிக்கப் போகிறானா, தலையைச் சொறியப் போகிறானா என்று தெரியாது, இரண்டு படம் வேண்டும் என்பது அவள் கட்சி.

"இப்போ பண்ணு" என்றாள். சிட்டு பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொரு மணியாக ஓய்ந்தது. மேலே ஏழாம் கவுன்ட்டரில் யாரோ தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

இரண்டு படத்திலும் எந்தக் கையும் அசையவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தன.

அதற்குள் நிர்வாகி அம்மாள் படியிறங்கி வந்துவிட்டார். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆனால் சுற்றி வளைத்துப் பேசுகிறவரை அவருக்குப் பிடிக்காது. என்ன ஆயிற்று, தனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றார்.

"நம்ம வாசல்ல வீல்சேர் அடுக்கி வெச்சிருக்கீங்களே, அந்த மாதிரிதான்" என்றாள் பெரியவள். "நோயாளி வந்தா ஒரு வீல்சேரை எடுத்து வார்டுக்குத் தள்ளிட்டுப் போறோம். இறக்கி விட்டதும் திருப்பிக் கொண்டுவந்து வைக்கணும். யாரோ ஒருத்தர் மட்டும் அங்கங்கே விட்டுட்டு வந்துடறார். கொஞ்சம் கொஞ்சமா வாசல் காலி. நோயாளி நிக்கறார், தள்ளறவரும் நிக்கறார், வண்டிதான் இல்ல."

"இதுல வீல்சேர் எது?"

தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய்வர சர்வர் சில கனெக்‌ஷன்களை வைத்திருக்கும், எடுத்தவர் திருப்பி வைக்க வேண்டும், புரோகிராமில் எங்கேயோ ஓரிடத்தில் திருப்பி வைக்காமல் போகிறது என்று பெரியவள் விளக்கினாள்.

நிர்வாகி அம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கிளம்பினார். படியில் ஏறப்போனவர் நின்றார்.

"ரெண்டு சர்வர்லயும் ஒரே புரோகிராம்தானே ஓடுது? அப்போ பழையதுல மட்டும் வீல்சேர் எப்படித் தொலையாம இருக்கு?"

பெரியவள் எடுத்த இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தாள்.

"பழசு அதையும் தாங்குது மேடம்" என்றார் அமைதி சார் கடைசியில். "அதோட உறுதி அப்படி. அதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிட்டு வர்றேன்."

"நாலு மணிக்கு எனக்கு ஒரே வார்த்தை போதும். பழசா, புதுசா?" நிர்வாகி அம்மாள் போய்விட்டார்.

பெரியவள் அங்கேயே நின்றாள். மூன்று வாரமாக, விழுகிறவன் ஏன் விழுகிறான் என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கிறவன் எப்படி நிற்கிறான் என்று ஒருநாளும் கேட்கவில்லை. படியில் கால் வைத்த ஒருவர் போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போகிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆவல் அதிகமாக இருந்தது.

"இங்க வா, உட்காரு" என்று சிட்டுவைக் கூப்பிட்டாள். "உன் சர்வரை விடு. பழசைப் பார்ப்போம்."

சிட்டுவுக்குப் புரியவில்லை. பழையது நன்றாகத்தானே ஓடுகிறது என்றாள்.

"அதான் எனக்கு உறுத்துது. ஒரே பையன், ரெண்டு பள்ளிக்கூடம். இங்க ஒருநாள் விட்டு ஒருநாள் முறைக்காய்ச்சல் வருது, அங்க தும்மல்கூட இல்ல. எப்படி?"

பழைய சர்வரில் எத்தனை கனெக்‌ஷன் வெளியே போயிருக்கிறது என்று அவளுக்குக் கொடுத்திருந்த கிராஃப் எல்லாம் ஒரே அச்சு. காலையில் புறநோயாளிப் பிரிவு திறப்பதில் ஆரம்பித்து இரவு மூடுவதில் முடியும். கோடு மெதுவாக ஏறிக்கொண்டே போகும். மூடும் நேரத்தில் முக்கால் உயரத்தில் நிற்கும். மறுநாள் காலையில் மறுபடி தரையிலிருந்து தொடங்கும். ராத்திரி ஓய்வில் தானாக இறங்கிவிடும் போல என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவளும்தான்.

இருபத்துநாலு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒன்று போடு என்றாள். அப்படி யாருமே போட்டதில்லை, வேலை நேரம் மட்டும் போதும் என்பதுதான் அமைதி சார் வைத்த முறை என்று சொல்லிக்கொண்டே சிட்டு தட்டினாள்.

ஸ்கிரீனில் கோடு வந்தது. பகலெல்லாம் ஏறிய கோடு ராத்திரியெல்லாம் அதே உயரத்தில் படுத்திருந்தது. விடியற்காலையில் மலை உச்சியிலிருந்து தள்ளிவிட்டதுபோல் செங்குத்தாக விழுந்தது.

"முந்தின நாள்?"

அதேதான்.

"அதுக்கு முந்தின நாள்?"

ஒரு மாதத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். தினமும் விடியலில் ஒரு விழுகை. கோடு முழுவதும் ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. கடைசியாக எப்போது எழுந்தாய் என்று சர்வரையே கேட்டாள் சிட்டு. இன்று விடியற்காலை என்றது.

சிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஞாயிறு முதல் இறுக்கமாக இருந்த முகம் அப்படியே அவிழ்ந்தது.

"அண்ணி, இது டெய்லி செத்துச் செத்துப் பிழைக்குதா?"

"யாரோ கொன்னு கொன்னு பிழைக்க வைக்கறாங்க. காலியான வாசல்ல தினமும் விடியறதுக்குள்ள புது வீல்சேரா அடுக்கிடறாங்க. அதனாலதான் தொலையறதே வெளிய தெரியல."

இருவரும் ஒரே ஸ்கிரீனில் தலையைக் கொடுத்துத் தேட ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு மணி வந்து போனது. சிட்டு கொண்டுவந்த டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள். பேசாமலே இருவரும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

முதலில் தொலைக்கிறவன் அகப்பட்டான். அவனைக் காட்டிக்கொடுத்தது புதிய சர்வர்தான். கனெக்‌ஷனை எடுத்துப் போய்த் திருப்பித் தராதவர் யார், புரோகிராமின் எந்த வரி என்று அது ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. சீக்காளியின் முனகல் என்று யாரும் அதைப் படிக்கவில்லை. பரிசோதனை முடிவு தயாராவதற்கு முன்பே யாராவது வந்து கேட்டால், 'முடிவு இன்னும் வரவில்லை' என்று சொல்லிவிட்டு, எடுத்த கனெக்‌ஷனைக் கையோடு வைத்துக்கொண்டு போய்விடுகிறது புரோகிராம். அவசரப்பட்டு வந்து கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வீல்சேர் போகிறது. சிட்டு இரண்டே வரியில் அதைச் சரிசெய்து தனியாக ஓட்டிப் பார்த்தாள். கோடு ஏறவில்லை.

"எனக்கு எந்தச் சர்வர் பிடிச்சிருக்குன்னு இப்போ சொல்லலாம்" என்றாள் பெரியவள். "ரெண்டும் ஒரே கல்லுல தடுக்குச்சு. ஒண்ணு விழுந்துட்டு, இந்தக் கல்லுதான்னு கை காட்டுது. இன்னொண்ணு விழுந்ததையே மறைக்குது."

சிட்டுவின் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க டப்பாவை மூடினாள்.

"ஆனா நாலு மணிக்கு அமைதி சார் கேப்பார் அண்ணி. கல்லு இருந்தும் பழசு விழலையே, அதுதானே உறுதின்னு."

"கேக்கட்டும். விடியற்காலை விஷயத்தைச் சொல்லுவோம். அதைச் சொன்னாத்தான் பழசோட வேஷம் கலையும். அதுக்கு முன்னாடி, யார் வெச்சதுன்னு பாரு."

சர்வருக்குள் அது இல்லை. அதனால்தான் புதிய வீட்டுக்கு அது கூடவே வரவில்லை. பழைய மெஷினில் தானாக நடக்கும் வேலைகளுக்கு நடுவே, 'துப்புரவு' என்ற அப்பாவிப் பெயரில் ஒரு கட்டளை உட்கார்ந்திருந்தது. பழைய குப்பைக் கோப்புகளைப் பெருக்குவது என்று யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். சிட்டு திறந்தாள். மொத்தமே நாலைந்து வரி. சர்வரை நிறுத்து, எழுப்பு, நிறுத்திய தடயத்தை அழி.

கடைசியாக எழுதியவரின் லாகின் பெயரும் தேதியும் கீழே இருந்தன.

சிட்டு படித்தாள். மறுபடி படித்தாள். கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இது அவரோட லாகின்."

பெரியவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஆமாம், தம்பியின் லாகின்தான். எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"தேதியைப் பார்த்தீங்களா? அவரோட பிறந்தநாள். அந்த வருஷம்தான் வேலையும் போச்சு."

இருவர் மனதிலும் ஒரே கணக்கு ஓடியது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல், தினமும் விடியலில் கொன்று எழுப்புகிற ஒரு தந்திரத்தைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மருத்துவமனையை எட்டு வருஷம் ஏமாற்றியிருக்கிறது அவன் வைத்த துப்புரவு. அதை வைத்தே பழைய சர்வர் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

"நாலு மணிக்கு இதைச் சொல்லாதீங்க அண்ணி" என்றாள் சிட்டு.

"சொல்லலேன்னா உன் சர்வர் தோத்துடும்."

"தோக்கட்டும். நான் அந்த ஊருக்கே போயிக்கறேன். ஏற்கெனவே இவங்க வாயில விழுந்து எழுந்தவர். மறுபடியும் மொத்தப் பேர் முன்னாடி அவர் பேரை இழுக்க நான் விடமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தலையில் கல்லைப் போடாதீர்கள் என்று சண்டை பிடித்தவள், இன்று கல்லைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவளுக்குத் தம்பி மனைவியை முதல் முறை சரியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நான் பார்த்ததைப் பார்க்கலேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் மெதுவாக. "என்னால முடியாது, உனக்கே தெரியும். ஆனா அவன்கிட்ட கேக்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எங்க இருக்கான் இப்போ?"

தம்பி வகுப்பில் இருந்தான். மருத்துவமனைப் பின்வாசலுக்கு உடனே வா என்றதும், என்ன ஏது என்று கேட்காமல், ஓட்டக் கற்றுக்கொள்பவரையே ஓட்டவைத்துக்கொண்டு வந்துவிட்டான். கூரையில் மஞ்சள் பலகை வைத்த சின்ன கார் முக்கி முனகித் தத்தித் தத்தி வந்து நின்றது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தவர் ஒரு பல் டாக்டர். நெற்றியெல்லாம் வேர்வை. அவர் நாற்காலியில் உட்காருகிற நோயாளிகள் அவரை இந்தக் கோலத்தில் பார்த்தால் கொஞ்சம் ஆறுதல் அடைவார்கள்.

அக்காவும் மனைவியும் ஒன்றாக வந்து, ஒரே பக்கக் கதவைத் திறந்து, பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததைத் தம்பி கண்ணாடியில் பார்த்தான்.

"என்ன, தபால் ஆபீஸை மூடிட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான்.

தான் இறங்கிக்கொள்ளலாமா என்று பல் டாக்டர் ஆவலோடு கேட்டார். தம்பி அவரைக் கொஞ்ச தூரம் ஓட்டவைத்து, மரநிழல் வந்ததும் தன் பிரேக்கை மெல்ல அழுத்தி நிறுத்தினான். நாலு டயரிலும் காற்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள், அவசரமே இல்லை என்று அனுப்பிவைத்தான். அவர் முதல் டயரின் பக்கத்தில் பயபக்தியோடு குந்தினார்.

"துப்புரவு" என்றாள் பெரியவள்.

தம்பியின் முதுகு விறைத்தது. எட்டு வருஷமாகக் கேட்காத சொல் அது என்று அந்த முதுகே சொல்லியது.

"எதுக்குடா அதை வெச்ச? கோளாறு புரியலேன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நான் வெச்சேனா?" அவன் முழுசாகத் திரும்பினான். "அதை எடுத்தவன் அக்கா நான்."

பிறகு முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்லுகிற மாதிரி சொன்னான். ஒருநாள் விடியற்காலை ஷிப்டில், சர்வர் தானாகச் செத்துத் தானாக எழுவதைப் பார்த்துவிட்டான். ஏன் என்று தெரியாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. தேடியதில் அந்தக் கட்டளை கிடைத்தது. எடுத்துப் பார்த்தால்தானே எதற்காக வைத்தார்கள் என்று தெரியும். யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டான். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மத்தியானம் எல்லாக் கவுன்ட்டரும் உறைந்தன.

பின்சீட்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்.

"நானேதான் அமைதி சார்கிட்ட போய்ச் சொன்னேன், நான் தொட்டதாலதான் விழுந்துச்சுன்னு. கேக்காம தொட்டது தப்புதானே. அதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல. அன்னிக்குச் சாயங்காலமே என் அடையாள அட்டையை வாங்கிக்கிட்டார். லாகின், பாஸ்வேர்டு எல்லாம் அவர் எதிர்லயே உட்கார்ந்து எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

"என்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள் சிட்டு.

"நீ அவருக்குக் கீழ வேலை பார்க்கறவ. தெரிஞ்சா சும்மா இருப்பியா?"

இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

பெரியவளின் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அமைதி சார். அடிக்கட்டும் என்று மடியில் கவிழ்த்து வைத்தாள். மூன்றாவது டயரின் அருகே பல் டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.

"நீ எடுத்தது சரி. அதை யாரோ திரும்ப வெச்சிருக்காங்க" என்றாள் பெரியவள். "ஆனா அதுல உன் லாகின் இருக்குடா."

"தேதியும் இருக்கு" என்றாள் சிட்டு. "அந்த வருஷம், உங்க பிறந்தநாள் அன்னிக்கு எழுதினது."

தம்பி அக்காவைப் பார்த்தான். மடியில் போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அந்தப் பிறந்தநாளுக்கு நான் உன் வீட்டு சோபாவுலதானே கிடந்தேன் அக்கா, நீ வாங்கிட்டு வந்த கேக்கைக்கூடத் தொடாம?"